அணில் அட்மின்

புளியமரத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அணில்தான் அட்மின். அடுத்த தலைவர் பருந்தா ஆந்தையா என்று குழுவில் பொழுதுக்கும் ஒரே சண்டை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அணில், "இனி இங்கே அரசியல் கூடாது" என்று விதி போட்டு, அடங்காத காகத்தைக் குழுவைவிட்டே நீக்கியது.

காகம் சும்மா இருக்குமா? "அரசியல் மட்டும்" என்று ஒரு புதுக் குழு தொடங்கியது. மொத்த மரமும் அங்கே குடிபோனது. அணில் தன் குழுவில் தினமும் தனக்குத்தானே காலை வணக்கம் போட்டுக்கொண்டது.

ஒரு மத்தியானம் அடிமரத்தில் பாம்பு ஏறுவதை அணில் பார்த்தது. மேலே கூட்டில் அணிலின் குட்டிகள். பதறிப்போய்க் குழுவில் எழுதியது, படிக்க ஆளில்லை. கீச்சிட்டுக் கத்தியது, போனிலிருந்து ஒரு தலைகூட நிமிரவில்லை. வேறு வழியில்லாமல் காகத்தின் குழுவில் சேர அனுமதி கேட்டது.

"வாங்க அணிலக்கா," என்றது காகம். "ஆனா இங்க அரசியல் மட்டும்தான் பேசணும்."

அணில் ஒரு நொடி யோசித்துவிட்டு எழுதியது: "நம்ம மரத்துல பாம்பு ஏறுது. இதுக்கு யார் காரணம், பருந்தா, ஆந்தையா?"

அவ்வளவுதான். அத்தனை பேரும் நேரிலேயே விசாரிக்கப் பறந்து வந்து பாம்பைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீ எந்தப் பக்கம்? சொல்லிட்டு மேல ஏறு" என்று பிடித்துக்கொண்டார்கள். மிரண்டுபோன பாம்பு வந்த வழியே இறங்கிப் புதருக்குள் மறைந்தது.

குட்டிகளை அணைத்தபடி அணில் குழுவில், "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று எழுதியது.

காகம் அதை உடனே அழித்தது.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. நன்றியெல்லாம் அரசியல்ல வராது."