வெல்லப் பானை ஏலம்

நீரிழிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் முதல் ராசிபுரம் யோபு வெல்லத்தை வாயில் வைக்கவில்லை. ஆசை வரும்போதெல்லாம் ஜெபம் பண்ணிவிட்டு, சபைக்கென்று வைத்த பானையில் ஒரு வெல்லக்கட்டியைப் போட்டுவிடுவார். அறுப்பின் பண்டிகையில் சபை மூப்பர் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட, அந்தப் பானையும் ஏலத்துக்கு வந்தது.

“எட்டணா!” என்று முதலில் கேட்டவர் போதகர்.

“பத்தணா!” என்றார் யோபு.

மனைவி சலோமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து கையைக் காட்டிக் காட்டித் தடுத்தாள். அவர் திரும்பவே இல்லை.

“பன்னிரண்டணா!” என்றார் போதகர்.

“ஒரு ரூபாய்!” என்றார் யோபு. போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் சலோமி வழிமறித்தாள். “ஏனுங்க, நாப்பது நாள் ஜெபம் பண்ணுனது இதுக்குத்தானுங்களா? போதகரய்யாவுக்காச்சும் உட்டுக் குடுத்திருக்கலாமுங்கல்ல?”

“மெதுவாப் பேசு புள்ள. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு எனக்குத் துணையா வந்தாரே, அவருக்கும் இதே வியாதின்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் தடுமாறுனா இன்னொருத்தர் தடுக்கோணும்னு ரெண்டு பேரும் ஜெபத்துல பேசி வெச்சிருக்கறோம்.”



யோபு பானையை அவள் கையில் திணித்தார். “சீக்கிரம் கொண்டுபோயி மாட்டுக்குப் போடு. எனக்கும் ரொம்ப நேரம் தாங்காது.”