அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம்

"அம்மாவை விட்டுட்டு என்னால எங்கயும் வர முடியாதுக்கா."

மேசைமேல் கிடந்த வேலை உத்தரவை அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டீ கோப்பையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தான், காகிதத்தில் கறை பட்டுவிடக் கூடாதென்று.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. இதே ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு முன்னால் டாக்டர் பட்டம் வாங்கி, ஏழு வருடத்துக்கு முன்பே தப்பித்துப் போனவள். இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் ஒரு பிரிவுக்கே தலைவி. அவனும் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. உதவித்தொகை அன்றோடு நின்றுவிட்டது. மற்றவர்களின் குடுவைகளைக் கழுவிக் கொடுத்துக்கொண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த பிள்ளைகள் அவனுக்குத் 'தாத்தா' என்று பெயர் வைத்திருந்தார்கள். தாத்தாவுக்கு வயது முப்பத்துமூன்று.

"இங்க பாரு டாக்டர். இந்த ஒரு இடத்துக்கு நாப்பது பேர் வந்தாங்க. நீதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கியிருக்கேன். அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடலைன்னா அடுத்தவனுக்குப் போயிடும். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாயேன். வீடு கம்பெனியே தருது."

"பயணம் அவங்களுக்கு ஆகாதுக்கா. வெளிக்காத்தே ஆகாது. சூடு கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் தாங்க மாட்டாங்க."

அக்காவின் குரல் இறங்கியது. "உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். அப்போ வந்து பார்க்க முடியலை. டாக்டருங்க என்ன சொன்னாங்க?"

அவளுக்கும் மனசு கேட்கவில்லை. சேர்ந்து வேலை செய்த காலத்தில் அவனுடைய அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவில் பாதி அவள் வயிற்றுக்குத்தான் போனது. தெரிந்ததும் அந்த அம்மா மறுநாளிலிருந்து இரண்டு டப்பாவாகக் கொடுத்தனுப்பினாள்.

"ஆறு மாசம்னாங்க. நாலு வருஷம் ஆச்சு," என்றான். அன்று முதல் தடவையாகச் சிரித்தான். "நாளுக்கு நாள் தெம்பாத்தான் இருக்காங்க."

"அப்புறம் என்னடா? ஒரு நர்ஸம்மாவை வெச்சிட்டு வா. லீவுல வந்து பார்த்துக்கலாம்."

"ஒரு தடவை வேற ஆளை நம்பி விட்டுட்டுப் போனேன். மூணே நாள். வந்து பார்த்தா மஞ்சளா கிடக்கிறாங்க."

"மஞ்சக்காமாலையா?"

"பசி."

சாதாரணமாகத்தான் சொன்னான்.

"நேரத்துக்குச் சாப்பாடு வேணும்," அவன் தொடர்ந்தான். "ஒரே இடத்துல விட்டு வைக்கவும் கூடாது. அப்பப்போ இடம் மாத்தணும். இதெல்லாம் காசுக்கு வர்றவங்க செய்வாங்களா?" சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு ஆகப்போகுது. சாப்பாடு கொடுக்கணும். வர்றீங்களாக்கா? இங்கதான் இருக்காங்க."

"இங்கயா? குவார்ட்டர்ஸ் கொடுத்துட்டாங்களா உனக்கு?"

அவன் அதற்குள் எழுந்து நடந்துவிட்டான். அக்கா உத்தரவையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். இதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் மறுபேச்சுப் பேச மாட்டான். மகன் வேலைக்குப் போவதை எந்த அம்மா வேண்டாம் என்பாள்?

வாசல் பக்கம் போவான் என்று பார்த்தால் அவன் உள்பக்கம் திரும்பினான். குளிர்பெட்டிகள் வரிசையாக நின்ற நடையைத் தாண்டி, கோடி அறைக்கு வெளியே நின்று செருப்பைக் கழற்றினான். அவளுக்கு ஒரு வெள்ளை அங்கியை நீட்டினான். இரண்டு பேர் கையிலும் ஸ்பிரிட் அடித்தான்.

"உள்ள மெதுவா பேசுங்கக்கா."

"எதுக்கு?"

"சும்மாதான். பழக்கம்."

ஜன்னல் இல்லாத அறை. அவளும் வருடக்கணக்காக நின்று வேலை செய்த அறைதான். கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, அம்மாவும் இல்லை. மூலையில் ஆள் உயரத்துக்கு இன்குபேட்டர் முனகிக்கொண்டிருந்தது. அவன் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அவள் முகத்தில் பட்டது. உள்ளங்கை அகலக் குடுவை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தான். அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர். மேலே ஒட்டிய சீட்டில் அவனுடைய குண்டுக் கையெழுத்து: 'அம்மா. 312ஆம் இடமாற்றம்.'

அக்கா சீட்டை இரண்டு தடவை படித்தாள். "எப்போடா போனாங்க?"

"ஆபரேஷனுக்கு மறுநாள். வெட்டி எடுத்ததுல ஒரு நகத்தளவு எனக்குக் கொடுத்தாங்க." மஞ்சள் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பான புதுக் கரைசலை ஊற்றினான். "பாருங்க, முகம் எப்படித் தெளிஞ்சிருச்சு."

அவள் கையில் வேலை உத்தரவு கசங்கியது. உடம்பிலிருந்து எடுத்த சாதாரண செல்கள் குடுவையில் சில மாதங்களில் ஓய்ந்துவிடும். முதல் வருடத்தில் இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நாலு வருடமாக ஓயாமல் தின்று, ஓயாமல் வளரக்கூடியது அந்த அம்மாவின் உடம்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"டேய், இது அம்மா இல்லடா. அம்மாவைக் கொன்ன புத்துநோய்க் கட்டி."

அவன் குடுவையை உள்ளே வைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.

"தெரியும்க்கா," என்றான். "என்னை மாதிரி அதையும் அம்மாதானே சுமந்தாங்க. எனக்குன்னு கூடப்பிறந்தது வேற யார் இருக்கா?"