திட்டத் தெரியாத குரல்

தொண்டையிலிருந்த கட்டியோடு என் குரலையும் அறுத்து எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் நான் பயன்படுத்திய ஒரே கருவி அதுதான். ஸ்மார்ட் போர்டைக்கூடக் குடை மாட்டத்தான் வைத்திருந்தேன். இப்போது கைப்பேசியில் தட்டினால் உள்ளிருந்து ஒரு பெண் பேசுகிறாள். என்னைவிட நல்ல தமிழ். “இந்த வாரம் பாக்கலாம் சார். சரிப்படலன்னா ஆபீஸ்ல உக்காந்து ரெஜிஸ்டர் எழுதுங்க,” என்றார் தலைமையாசிரியர். முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது, ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் “உள்ளேன் டீச்சர்” என்றது. நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். கடைசி பெஞ்சு செவ்வந்தி வழக்கம்போல் பேசிக்கொண்டேயிருந்தாள். ‘வாயை மூடு, கழுதை’ என்று தட்டினேன். கைப்பேசிப் பெண் அதை ரயில் வருகையை அறிவிப்பதுபோல் இனிமையாகச் சொன்னாள். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் சன்னலோரம் நின்று இரைச்சலைக் கேட்டுவிட்டுப் போனார். திங்கள்கிழமையிலிருந்து எனக்கு ஆபீஸ் என்று தகவல் வந்தது. மணியடித்து எல்லோரும் போனபின் செவ்வந்தி மட்டும் மேசையருகே வந்தாள். “சார், அந்தக்கா திட்டுனா உறைக்கவே மாட்டேங்குது. ஒரே ஒரு தடவ நீங்களே திட்டுங்க சார்.” கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்து நின்று எருமை, தண்டம், உருப்படாதது என்று வரிசையாகத் திட்டினேன். மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த துளையில் காற்று மட்டும் சீறியது. அவள் கைகட்டித் தலைகுனிந்து நின்றாள். நான் திட்டி முடித்து நெடுநேரமாகியும் நிமிரவில்லை. முடிந்துவிட்டது என்று சொல்லவாவது கைப்பேசியை எடுத்திருக்கலாம். கை வரவில்லை.