ஒன்பதாயிரம் பேர்

"ஏசுதாசன் சார், உங்க பக்கத்தை எடுத்துடலாம்னு இருக்கேன்."

தாம்பரத்தில் எங்கள் கல்லூரிக்கு வெப்சைட் வந்த புதிது. ஆசிரியர்களுக்கெல்லாம் அதில் ஆளுக்கொரு தனிப் பக்கம். அதற்குப் பொறுப்பாளர் நான். சீனியர் என்பதால் கிடைத்த பதவி. கம்ப்யூட்டரை ஒழுங்காக ஆஃப் பண்ணக்கூட எனக்குத் தெரியாது.

சர்வரில் இடம் போதவில்லை, யாரும் பார்க்காத பக்கங்களை நீக்கிவிடுங்கள் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் எண் இருக்கும்.

இயற்பியல் ஏசுதாசன் பக்கத்தில் அது ஐம்பதைத் தொடவில்லை. என் பக்கத்தில் ஒன்பதாயிரம்.

"எடுத்துடுங்க சார்" என்றார் அவர், விடைத்தாள் திருத்திக்கொண்டே.

அத்தோடு நான் கிளம்பியிருக்கலாம்.

"வெறும் செய்முறைக் குறிப்பு போட்டா யார் சார் பாப்பாங்க? என் பக்கத்தைப் பாருங்க. கோட்டு போட்ட போட்டோ, நடுவுல கொஞ்சம் தத்துவம்..."

"உங்க அளவுக்கு எனக்கு வராது ஜெயவேலு சார்" என்று சிரித்தார்.

அந்தக் கோட்டு பம்மல் ஸ்டுடியோவில் இரவல் வாங்கியது என்பதை நான் சொல்லவில்லை.

அவர் பக்கத்தை நீக்கச் சொல்ல கம்ப்யூட்டர் லேபுக்குப் போனேன். லேப் அசிஸ்டென்ட் சரளா டீ குடிக்கப் போயிருந்தாள். அதுவரை என் பக்கத்தையாவது பார்ப்போமே என்று ஒரு கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைத் திறந்தேன். முகவரி அடிக்கும் முன்பே கோட்டோடு நான் வந்து நின்றேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் நான். அதற்கடுத்ததிலும் நானே.

சரளா வந்ததும் கேட்டேன். "என்னம்மா இது?"

"இன்டர்நெட் திறந்தா முதல்ல உங்க பக்கம்தான் வரும் சார். அப்படி செட் பண்ணியிருக்கு. ஒவ்வொரு தடவையும் நம்பர் ஏறும்."

"பசங்க படிக்கிறாங்களா?"

"அவங்க நேரா மெயிலுக்குப் போயிடுவாங்க சார்."

"யாரு பண்ணச் சொன்னது?" பிரின்சிபாலாக இருக்கும் என்று ஓர் ஆசை.

சரளா தயங்கினாள். "சொல்லக்கூடாதுன்னாரு... ஏசுதாசன் சார்தான். ஆரம்பத்துல உங்க நம்பர் ஏறவே இல்லையாம். நீங்க தினமும் பாத்துட்டு யார்கிட்டயும் பேசாம போறீங்கன்னு வருத்தப்பட்டாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏதோ வேலையா வந்தீங்களே சார்?"

"யாரும் பாக்காத பக்கம் ஒண்ணு இருக்கும்மா. எடுக்கணும்."

"யாரோடது சார்?"

"என்னோடது."