கடைசிப் பக்கம்

புது நோட்டின் முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று மைப்பேனாவுக்குப் பயம். "நாளைக்கு எழுதுறேன்" என்று சொல்லியே ஒரு மாதம் போனது. நிப்பில் மை காயத் தொடங்கியது.

கடைசிப் பக்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"இப்படியே இருந்தா அடைச்சுக்கும். இங்க வாப்பா, என் மேல கிறுக்கு. என்னை யாரும் திருத்த மாட்டாங்க, மார்க்கும் போட மாட்டாங்க."

பேனா நாலு சுழி சுழித்தது. தன் பெயரைக் கோணலாக எழுதியது. பொத்தென்று மையையும் கொட்டியது. கடைசிப் பக்கம் சிரித்தது. சூட்டோடு சூடாகப் பேனா முதல் பக்கத்துக்கு ஓடியது.

நோட்டு நிரம்பியதும் திரும்பி வந்து, மிச்சமிருந்த மூலையில் முத்து முத்தாக "நன்றி" என்று எழுதியது.

"அழகா இருக்கு," என்றது கடைசிப் பக்கம். "ஆனா எனக்கு அந்த மைக்கறைதான் உசத்தி."