கிளிஞ்சல் நிறுத்திய மாதம்

கோழிக் கொட்டகையில் பண்ணைக்காரர் எடுக்கும் முட்டை விரல் பட்டதும் நொறுங்கி, கரு உள்ளங்கையில் வழிகிறது. சத்துப் பவுடர் விற்க வந்தவர் கருவின் மஞ்சளை ஒப்பிடும் தன் நிற அட்டையை அதன் பக்கத்தில் பிடித்துப் பூரிக்கிறார். “பாத்தீங்களாண்ணே, என்ன மஞ்சள்!” “மஞ்சள் இருக்கட்டும் தம்பி. ஓடு நிக்கலைன்னு வியாபாரி நாளையிலேருந்து வண்டி அனுப்பமாட்டேங்குறாரு. கருவைச் சொம்புலயா ஊத்திக் குடுக்க?” “இன்னொரு டப்பா சேத்துப் போடுங்க, சரியாயிடும்.” “டப்பாவுலயே எல்லாம் இருக்குன்னு இவர் சொன்னதைக் கேட்டு, ஓட்டுக்குச் சுண்ணாம்பு தர்ற கிளிஞ்சல் தூளைத் தீவனத்துல நிறுத்தின மேதை நீங்கதானே?” என்கிறாள் மனைவி. பண்ணைக்காரரின் காது சிவக்கிறது. கோபத்தில் பாதி தன்மேல்தான், அதை வெளியில் காட்டவா முடியும்? காலை வெயில் விழும் சுவரோரம் டக் டக்கென்று சத்தம். கோழிகள் வரிசையாக நின்று, வெள்ளையடித்த சுண்ணாம்பைக் கொத்தித் தின்கின்றன, செங்கல் தெரிகிறது. அவர் டப்பாவை எடுத்து விற்பவரின் கையில் திணிக்கிறார். “கிளம்புங்க தம்பி. சுவராவது மிஞ்சட்டும்.”