குச்சிக் கணக்கு

தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வன்னியபெருமாள், நாளை தூத்துக்குடிக் கைவினைப் போட்டிக்குப் போகவேண்டிய தீக்குச்சிக் கப்பலை மடியில் ஏந்தியபடி கோவில்பட்டி கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கப்பலுக்குப் படம் வரைய, தனக்குக் கைவரக்கூடிய சாஃப்ட்வேர் எதுவென்று பார்க்க வந்தவர். “எதுன்னாலும் மில்லிமீட்டர்தான் கேக்கும், அண்ணாச்சி. ஒங்க குச்சிக் கணக்கு அதுக்குப் புரியாது” என்று சிரிக்கிற, சென்டரில் சொல்லிக்கொடுக்கும் தீபலட்சுமி, கப்பலின் இரண்டு பக்கமும் ஸ்கேலை வைத்து அளந்து, அளவுகளைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். இருபுறமும் குச்சி ஒரே எண்ணிக்கைதான். இடப்பக்கம் போன வருசக் குச்சி, வலப்பக்கம் இந்த வருசக் குச்சி. முதல் சாஃப்ட்வேர் பக்கவாட்டுப் படத்தோடு நிற்கிறது. இரண்டாவதில் கப்பல் மெல்லத் திரும்பி, மேலிருந்து தெரிகிறது. வாழைப்பழமாக வலப்பக்கம் வளைந்து கிடக்கிறது. அவர் மடியிலிருக்கும் கப்பலைத் திருப்பிப் பார்க்கிறார். “இந்த வருசம் மொதலாளி குச்சியக் குட்டையாக்கியிருக்கான். வருசம் பூரா நாந்தான தாயி அடுக்குனேன். கைக்குத் தெரியலியே.” அவள் திரையை மூடப் போகிறாள். “மூடாத. இந்த ரெண்டாவதையே எனக்குச் சொல்லிக்குடு.”